கண்ணகி கதையும் ஈழத்துக் குளிர்த்தியும்

சிலப்பதிகாரத்தைக் கல்லூரியிற் பாடநூலாகக் கற்ற மாணாக்கன் ஒருவன் வைகாசித் திங்களில் மட்டக்களப்புப் பகுதிக் கிராமம் ஒன்றிற்குச் செல்வானாயின், ஆங்குள்ள கண்ணகை அம்மன் கோயில் முன்றிலில் உடுக்கொலியோடு படிக்கப்பெறும் கதையைக் கேட்டு முதலில் மகிழ்வான். சிறிது பொழுதில் மயங்குவான். கோவலனும் மாதவியும் பொற்கொல்லனும் முறையே வருகின்றனர், மதுரையும் எரிகின்றது. ஆயினும் அக்கதையின் கண்ணகி மாநாய்கன் வயிற்றிற் பிறந்த மகள் அல்லள். மாங்கனியிலே தோன்றிப் பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டவள். அவள் சிலம்பிற்கு வேண்டிய நாகமணிக்காக மீகாமன் என்பான் கடலோடி வந்து வெடியரசனோடு பொருதுகின்றான். வெட்டுண்ட கோவலன் உயிர்பெற்றெழுந்து பேசுகின்றான். இவை யாவற்றினும் மேலாக, கதை வஞ்சியிலே கற்படிமம் நாட்டுவதோடு முடியாது, சினந்து வந்த அம்மனைக் குளிரச் செய்வதோடு முடிகின்றது.

இளங்கோவடிகள் இயற்றிய காப்பியத்தைக் கல்லாதார் கைப்பட்டுச் சிதைந்த ஒன்றாகவே அம்மாணாக்கன் இதனைக் கருதுவான். கற்றோர் பலரும் நெடுங்காலம் அவ்வாறே கருதினர். ஆயின் இம்மாற்றங்கள் அறியாமையால் நேர்ந்தவையா, அன்றி ஒரு தேவை நோக்கிச் செய்யப்பட்டவையா என்பது ஆராயத்தக்கது. கதையைக் கேட்டோர் யாவர், எவ்விடர்ப்பட்டு அதனைக் கேட்டனர் என்பதை நோக்கின், இரண்டாவதே உண்மை எனத் தோன்றும். அவ்விடர் நோய், அதிலும் சிறப்பாக, வைசூரி.

இத்தொடர்பு ஈழத்தார் புதிதாகக் கற்பித்துக்கொண்டதன்று. சிலப்பதிகாரத்தின் பதிகத்தை அடுத்து நிற்கும் உரைபெறு கட்டுரையிலேயே அதன் வித்து உள்ளது. பாண்டியன் இறந்த பின்னர் அவன் நாட்டில் மழை பொய்த்து, வறுமை எய்தி, வெப்பு நோயும் குருவும் தொடர்ந்தன என்று அக்கட்டுரை கூறும். குரு என்பது கொப்புளத்தைக் குறிக்கும் சொல். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் நங்கைக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டு, விழவொடு சாந்தி செய்ய, மழை பெய்து நோயும் துன்பமும் நீங்கின. அதுகேட்டுக் கொங்கிளங்கோசரும், கடல் சூழ்ந்த இலங்கைக் கயவாகுவும், சோழன் பெருங்கிள்ளியும் தத்தம் நாட்டில் அவளுக்கு விழா எடுத்தனர். காப்பியத்தைக் கற்போர் பெரும்பாலும் இப்பகுதியை விரைந்து கடந்து மங்கல வாழ்த்துப் பாடலுக்குச் சென்றுவிடுவர். ஆனால் நூலின் வாயிலிலேயே அநீதியால் எழுந்த வெம்மை, நாட்டு மக்களின் உடலிற் கொப்புளமாக வெடித்தது என்னும் கருத்து வைக்கப்பட்டுள்ளமை கருதற்பாலது. காப்பியப் புலவருக்கு அது ஒரு சில வரிச் செய்தி. வைசூரி வந்த ஊரில் வாழ்ந்தவர்க்கோ, கதை முழுவதிலும் முதன்மையான செய்தி அதுவே.

கயவாகுவைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். வரந்தரு காதையிலும் அவன் வஞ்சியில் நின்று கண்ணகியை வணங்குகின்றான். இக்குறிப்பைக் கொண்டே சேரன் செங்குட்டுவனைக் கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் வைத்துத் தமிழ் வரலாற்றின் கால வரன்முறையை வகுத்தோர் பலர். எனினும் மகாவமிசம் கயவாகுவின் விகாரைத் திருப்பணிகளைக் கூறுகின்றதேயன்றிக் கண்ணகி வழிபாட்டைக் கூறவில்லை. சோழ நாட்டிலிருந்து சிறைமீட்ட மக்களோடு பத்தினியின் சிலம்பையும் அவன் கொணர்ந்தான் என்னும் செய்தி, மிகப் பிற்பட்ட சிங்கள நூலாகிய இராசாவலியிலே காணப்படுவது. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில், கயவாகு கதையை வரலாறாகக் கொள்ளாது, தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய மக்கள் தம் வருகைக்கு விளக்கமாகக் கொண்ட ஐதிகமாகக் கொள்வர். அவர் கூற்றை முற்றும் ஏற்காதாரும், ஒரு மன்னனால் ஒரு நாளிற் கொணரப்பட்டதன்று இவ்வழிபாடு, குடியேறிய மக்கள் பலரின் வாய்மொழியோடு பன்முறை வந்தது என்பதை மறுத்தல் அரிது.

அவ்வாறு வந்த கதை கிழக்கிலங்கையிற் பெற்ற வடிவமே கண்ணகி வழக்குரை. யாழ்ப்பாணத்திற் கோவலனார் கதை எனவும், வன்னியிற் சிலம்பு கூறல் எனவும் வழங்குவது இதுவே. கோயில்களில் ஏட்டுப் பிரதிகளாகப் பேணப்பட்டு வந்த இதனை, மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலின் ஆசிரியர் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968ஆம் ஆண்டில் அச்சிற் பதிப்பித்தார். கடலோட்டு காதை, அடைக்கலக் காதை, கொலைக்களக் காதை, உயிர்மீட்புக் காதை, வழக்குரைத்த காதை எனத் தொடர்ந்து செல்லும் நூல், குளிர்ச்சிக் காதையோடு நிறைவெய்துகின்றது. வெடியரசனோடு நிகழும் கடற்போரிற் கேட்போர் தமக்கு அறிமுகமான நிலத்தைக் கண்டனர். நெடுந்தீவில் வெடியரசன் கோட்டை எனச் சுட்டப்படும் இடிபாடு இன்றும் உண்டு.

உயிர்மீட்புக் காதையைப் பலர் காப்பியத்திற்கு மாறான கற்பனை என்பர். அது முற்றும் பொருந்தாது. ஊர்சூழ் வரியில், கொலையுண்டு கிடந்த கோவலனைக் கண்ணகி தழுவிக்கொள்ள, அவன் எழுந்து நின்று, அவள் முகம் வாடியது கண்டு இரங்கி, கண்ணீரைத் தன் கையால் மாற்றி, அவளை இருக்கச் சொல்லி விண்ணுலகு செல்கின்றான். கனவோ நனவோ என மயங்குமாறு அடிகள் அதனை விரைந்து சொல்லிச் செல்வர். நாட்டுப் புலவன் செய்தது அக்கணத்தை நீட்டித்தது ஒன்றே. நோயாளியின் பாயருகில் அமர்ந்து கதை கேட்போர்க்கு, இறந்தவன் எழுந்தான் என்னும் இடத்தை விரைந்து கடக்க மனம் வந்திராது.

குளிர்ச்சி பற்றிய பகுதியோ காப்பியத்தில் இல்லாதது. மதுரையை எரித்து வெம்மை தணியாது வந்த அம்மனை, ஆயர் சேரியில் ஆய்ச்சியர் பாலும் தயிரும் வெண்ணெயும் கொண்டு குளிரச் செய்தனர் என்பது ஈழத்திற் பரவலாக வழங்கும் கதை. முல்லைத்தீவைச் சார்ந்த வற்றாப்பளைக் கோயில் வரலாறும் இதன் வேறொரு வடிவமே. முதியவள் உருவில் வந்த அம்மனுக்கு மாடு மேய்க்கும் சிறுவர் பொங்கிப் படைத்தனர். விளக்கெரிக்க எண்ணெய் இல்லாதபோது கடல்நீரால் எரிக்குமாறு அவள் பணித்தாள். தலையில் ஈருப் பார்க்கப் புகுந்த சிறுவர் அங்கே எண்ணிறந்த கண்களைக் கண்டு அஞ்சினர். அத்தலை முழுவதும் நிறைந்த கண்களை, உடல் முழுவதும் நிறைந்த அம்மைக் கொப்புளங்களோடு ஒப்பிட்டுக் காண்பது மிகையாகாது. அக்கோயிலில் வைகாசிப் பொங்கலின்போது உப்புநீரில் விளக்கெரித்தல் இன்றும் நடைபெறுகின்றது.

மட்டக்களப்பில் இக்கதை படிக்கப்படும் முறையை நோக்கின் அதன் பயன் மேலும் தெளிவாகும். தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம், கல்லடி முதலிய ஊர்க் கண்ணகை அம்மன் கோயில்களில், வைகாசிச் சடங்கிற்கெனக் கதவு திறக்கப்படும். கலியாணக்கால் நாட்டப்படும், அஃது அம்மனின் திருமணத்தைக் குறிப்பது. இரவுதோறும் வழக்குரை படிக்கப்படும். இறுதியிற் குளிர்த்தி பாடி, வேப்பிலையோடு கூடிய நீரைத் தெளிப்பர். இதனை நடத்துபவர் கட்டாடியார். வைகாசி என்பது கிழக்கிலங்கையிற் கச்சான் காற்று வெம்மையோடு வீசத் தொடங்குங் காலம். குளங்கள் வற்றுங் காலம். உரைபெறு கட்டுரை ஆடித் திங்களைக் கூற, ஈழத்தார் வைகாசியைக் கொண்டது இக்காரணம் பற்றியே போலும். வறட்சியும் நோயும் மிக்க ஆண்டுகளிற் கொம்பு விளையாட்டும் நடைபெற்றது. ஊரார் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாய்ப் பிரிந்து, முன்னவர் கோவலன் பக்கமும் பின்னவர் கண்ணகி பக்கமும் நின்று, ஒன்றோடொன்று கொளுவிய இரு கொம்புகளை வடம்பூட்டி இழுப்பர். ஒருவரையொருவர் பழித்துப் பாடும் வசைப் பாடல்களும் உண்டு. கணவன் மனைவியரிடையே தீராது போன வழக்கு ஆண்டுகள் பல கழித்து ஊர்த் தெருவில் விளையாட்டாகத் தீர்க்கப்பட்டது என்க.

சிங்கள மக்களிடையேயும் இதே கதை பத்தினி தெய்வத்தின் கதையாக வழங்குகின்றது. மாங்கனிப் பிறப்பும் உயிர்மீட்பும் அங்கும் உண்டு. கோவலன் அங்கே பாலங்க எனப்படுவான். கம்மடுவ என்னும் ஊர்ச்சடங்கில், பாலங்க கொலையுண்டு மீண்டும் எழும் நிகழ்ச்சி நாடகமாக நடிக்கப்படுவதுண்டு. பெண்ணுடை தரித்த பூசகரே பத்தினியாக நின்று அழுவார். அங்கெலிய என்னும் கொம்பிழுப்பும் மட்டக்களப்பு விளையாட்டை ஒத்ததே. வைசூரி, பொக்குளிப்பான், சின்னமுத்து முதலியவற்றைச் சிங்களர் தெய்வங்களின் நோய் என்பர். தமிழர் அம்மாள் வருத்தம் என்பர். சமயமும் மொழியும் வேறாயினும் நோயும் கதையும் ஒன்றாக இருந்தன. கேரளத்துக் கொடுங்கல்லூர்ப் பகவதி கோயிலில் வசூரிமாலைக்குத் தனிச் சந்நிதி இருத்தலும், ஆற்றுக்காற் கோயிலிற் கண்ணகி கதை தோற்றப்பாட்டாகப் பாடப்படுதலும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கவை. இக்கதையின் ஆட்சி எத்துணை வலியது என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. திருகோணமலைக்கும் மட்டக்களப்பிற்கும் இடைப்பட்ட கரையோரத்திற் கிடைத்ததாகக் கூறப்படும் பொன்முலாம் பூசிய செப்புப் படிமம் ஒன்று, முன்னாள் தேசாதிபதி பிரவுன்றிக்கினால் 1830ஆம் ஆண்டில் இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு வழங்கப்பட்டது. அது பௌத்தரின் தாரா என இன்று கொள்ளப்படினும், முன்னர்ப் பத்தினி என்றே நெடுங்காலம் சுட்டப்பட்டு வந்தது.

இனி, வீட்டினுள் இக்கதை எவ்வாறு தொழிற்பட்டது என்பதைக் காணல் வேண்டும். உடலின் வெப்பம் மிகுதலே நோய், குளிர்ச்சியே மருந்து என்னும் தமிழ் மருத்துவக் கருத்தோடு, சினந்த அம்மன் குளிர்தல் என்னும் கதைக்கருத்து எளிதிற் பொருந்திற்று. அம்மாள் வந்த வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவர். அதனைக் கண்ட அயலார் உள்ளே வாரார். புலாலும் தாளிதமும் நீக்கப்படும். நமைச்சலுக்கு வேப்பிலையால் வருடுவர். இளநீர் முதலிய குளிர்ந்தவற்றைக் கொடுப்பர். கொப்புளம் உலர்ந்தபின் வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரால் முழுக்காட்டுவர். இவை வைசூரியை மாற்றும் மருந்துகள் அல்ல. மாற்றியிருப்பின் நாடு அத்துணை உயிர்களை இழந்திராது. ஆயினும் ஒன்று உண்மை. முகமும் உடலும் உருக்குலைந்து கிடந்த நோயாளியை இக்கதை அருவருக்கத்தக்க பிணியனாக்கவில்லை. அம்மன் எழுந்தருளிய இடமாக்கிற்று. அவனைக் கடிந்து பேசுதல் ஆகாது. அவன் கேட்டதை மறுத்தலும் ஆகாது. மருந்தில்லாத நோய்க்குத் தொண்டு செய்வோரை அப்பாயருகில் இருத்தியது இக்கதையே.

அதே கதை தீங்கும் செய்தது. 1802ஆம் ஆண்டில் அம்மைப்பால் குத்தும் முறை இலங்கைக்கு வந்தது. அதற்கு முன்னர் வைசூரி இந்நாட்டில் விளைத்த அழிவை, இங்கு அரசாங்க மருத்துவத் தலைவராக இருந்த தொமஸ் கிறிஸ்ரி 1811ஆம் ஆண்டில் தனி நூலாக எழுதி வெளியிட்டார். அம்மன் விருப்போடு வந்த இடத்தில் ஊசி கொண்டு தடுத்தல் அவளுக்கு மேலும் வெம்மையூட்டும் என்று அஞ்சி, நோயாளரையும் பிள்ளைகளையும் அம்மைகுத்த வந்தோர் கண்ணிற் படாமல் மறைத்தோர் உண்டு. இத்தடையைக் கதையாலேயே நீக்க முயன்றவர், திருக்குறளுக்கு உரை வகுத்தவரும் எல்லீசன் எனத் தமிழிற் கையெழுத்திட்டவருமாகிய சென்னை ஆட்சியர் எல்லிஸ். 1819ஆம் ஆண்டில் இறந்த இவர், சத்திக்கும் தன்வந்திரிக்கும் இடையே நிகழ்ந்த உரையாடலாக ஒரு புராணக் கதையைப் புனைந்து, பசுவின் வழியாகப் பெறும் இம்மருந்து அம்மனே உலகிற்கு அளித்த கொடை என்று அதிற் காட்டினார். பழமை அல்லாததைப் பழமை போற் காட்டுதல் நேர்மையாகுமா என்னும் வினா எழும். எனினும், மக்கள் கதையைப் பழித்துரையாது, அக்கதைக்கு வேறொரு முடிவு எழுதினால் உயிர் பிழைக்கும் என்று அவர் கண்டமை கூர்த்த மதியே.

எல்லிஸ் கதை பரவாது ஒழிந்தது. ஆனால் மொழி அவர் செய்ய எண்ணியதைத் தானே செய்துவிட்டது. அம்மைப்பால் என்னும் சொல்லிலே அம்மனும் உளள், பாலும் உளது. யேனர் என்னும் ஆங்கில மருத்துவர் 1796ஆம் ஆண்டில் தம் சோதனைக்கு வேண்டிய பாலைப் பெற்றது பால்கறக்கும் பெண் ஒருத்தியின் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்தே. ஆய்ச்சியர் அம்மனைக் குளிரச் செய்தனர் என்னும் ஈழத்துக் கதையோடு இதனைத் தொடுத்தல் தகாது, தற்செயலான ஒப்புமையே. ஆயினும் இரண்டையும் அறிந்தோர்க்கு அது நினைவில் நிற்கும்.

யாழ்ப்பாணத்தில் இக்கதைக்கு நேர்ந்த மாற்றம் வேறு வகையானது. ஆறுமுக நாவலர் (1822 - 1879) சைவாகம நெறி நின்று, சமணச் சார்புடைய வணிகர் குலத்து மானிடப் பெண்ணைத் தெய்வமாக வழிபடுதல் சைவர்க்கு ஒவ்வாது எனக் கண்டித்தார். அவர் நோக்கம் சமயத் தூய்மை. உயிர்ப்பலியை ஒழித்தலும் அதனுள் அடங்கும். அதன் பயனாகக் குடாநாட்டுக் கண்ணகி கோயில்கள் பல, இராசராசேசுவரி, புவனேசுவரி முதலிய பெயர்கள் பெற்று ஆகமக் கோயில்களாயின. மட்டுவில் பன்றித்தலைச்சி போன்ற சில பழைய நிலையிற் புகழோடு நின்றன. பெயர் மாறிய கோயில்களிற் பூசை சிறந்தது. கோவலனார் கதை படிக்கும் வழக்கமோ அருகிற்று. நாவலர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிந்து, 1892ஆம் ஆண்டில், உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்தார். கோயிலிலிருந்து நீங்கிய கண்ணகி, கல்லூரிக்குள் இலக்கியத் தலைவியாக நுழைந்தாள். கற்றோர் அவளை வரவேற்றனர். ஆனால் அவர்கள் வரவேற்றவள் அடிகளின் கண்ணகியே. கட்டாடியார் ஏட்டிலிருந்த கண்ணகி அச்சேற மேலும் எழுபத்தாறு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. நூலைக் காத்தவர் பெருமையைக் குறைத்தல் கருத்தன்று. இரண்டினையும் ஒரு காலத்தே காக்க எவரும் முன்வராமை இரங்கத்தக்கது.

நாடக மேடையிலும் திரையிலும் கதை பெற்ற மாற்றங்கள் பல. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் கோவலன் கதை கண்ணகியைக் காளியின் அவதாரமாக்கி, மாதவியை வஞ்சகியாக்கிற்று. சங்கரதாசு சுவாமிகள் (1867 - 1922) அக்கதையை நாடகமாக்கினார். கண்ணகி திரைப்படம் 1942இலும், பூம்புகார் 1964இலும் வெளிவந்தன. மேடைக்கும் திரைக்கும் தீயே போதுமானதாயிற்று. அம்மனைக் குளிரவைத்து வீட்டிற்கு அனுப்ப வேண்டிய கடமை அவற்றிற்கு இல்லை.

வைசூரி உலகினின்று ஒழிந்தது என 1980ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் போயிற்று, குளிர்த்தி போகவில்லை. பொக்குளிப்பானும் சின்னமுத்தும் வந்த வீடுகளில், மருத்துவரிடம் சென்று வந்த பின்னரும் வாயிலில் வேப்பிலை காணப்படுகின்றது. கிழக்கிலே கோயிற் கதவுகள் வைகாசியில் முன்போலவே திறக்கப்படுகின்றன.

சாமிநாதையர் பதிப்பு வெளிவந்த 1892ஆம் ஆண்டிலேயே, கண்ணகை அம்மன் கோயில் உள்ள காரைதீவில் விபுலானந்த அடிகள் பிறந்தார். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலுக்கு இசைந்த யாழைப் பற்றிய பகுதியை ஆராய்ந்து, மறைந்துபோன யாழிசையை மீட்டெடுக்க முயன்ற அவரது யாழ் நூல் 1947ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அரங்கேறிற்று. அடுத்த மாதம் அவர் மறைந்தார். அவ்வூரில் வைகாசிச் சடங்கிற் படிக்கப்பெறும் வழக்குரையிலும் மாதவி அரங்கேறுகின்றாள். அதனைக் கேட்டிருக்கும் தாய்மார் பிள்ளைகளை மடியில் உறங்கவிட்டு, குளிர்த்தி நீர் தெளிக்கப்படும்வரை எழுந்து செல்வதில்லை.